நரம்பு கூப்பிடுவதாக நீ நினைத்த காய்ச்சல்

இன்று காலை பெங்களூர் ரயிலில் பக்கத்தில் இருந்த பெண் கைப்பையைத் திறந்து முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டாள். அந்த வாசனை வந்ததும் என்னால் உட்கார முடியவில்லை. நான் இறங்கும் ஒயிட்ஃபீல்டு வரை கதவருகே நின்றுகொண்டே போனேன். படுக்கைப்புண் வரக்கூடாதென்று உன்னை மணி பார்த்துத் திருப்பிப் போட்டு, முதுகைத் துடைத்துப் பவுடர் போட்ட அறையின் வாசனை அது.

உங்கள் துணிக்கடைப் பரணிலிருந்து பெட்டி இறக்க ஏணியில் ஏறி நீ விழுந்தபோது நமக்கு முப்பத்தெட்டு வயது. அதன் பிறகு இடுப்புக்குக் கீழே எதுவும் உன் பேச்சைக் கேட்கவில்லை. நானோ பெங்களூரில் முதுகுத்தண்டு காயத்தை ஆராயும் கூடமொன்றில், எலிகளின் தண்டுவடத்தை மெல்லிய சீவலாக வெட்டிச் சாயமேற்றுகிறவள். பள்ளி நாளிலிருந்தே சிநேகிதி வேறு. எல்லாக் கேள்வியும் என்னிடம்தான் வந்தது.

"உள்ள இன்னாதான்டி நடக்குது?"

"அடிபட்ட நரம்பு செல்லு கூப்பாடு போடும். அதைக் கேட்டு காவல் செல்லுங்க ஓடியாரும். அதனாலதான் உள்ள வீங்கி சூடாவுது."

"கூப்பாட்டை நிறுத்திட்டா நான் நடப்பேனா?"

"முழுசா நிறுத்தக்கூடாது. செத்த செல்லை அப்புறம் யாரு அள்ளுறது? ரொம்ப நாள் நீடிச்சாதான் நல்லா இருக்கிற நரம்பையும் தின்னுடும். எப்போ விடணும், எப்போ அடக்கணும்னுதான் தேடிக்கினு இருக்கோம்."

"அப்போ சூடும் நல்லதுக்குத்தான்."

ஆமாம் என்றேன். மாதக்கணக்கில் இருண்டு கிடந்த உன் முகம் தெளிந்தது. அதைக் கெடுக்க மனமில்லாமல், மேற்கொண்டு எதையும் விளக்காமல் விட்டேன்.

பிறகு ஒரு வியாழக்கிழமை, ரயிலில் இருந்தபோது உன் போன் வந்தது. "ரெண்டு நாளா உடம்பு கொதிக்குதுடி. நரம்பு கூப்பிட ஆரம்பிச்சிடுச்சு போல" என்று சிரித்தாய். ஒரே இரைச்சல். வேலைக்கு வேறு தாமதம். நானும் சிரித்தேன். "ஞாயித்துக்கிழமை வரேன்டி" என்று வைத்துவிட்டேன்.

தண்டுவடத்துக்குள் நடப்பது வேறு, உடம்பெல்லாம் கொதிப்பது வேறு. சிறுநீர்க் குழாய் போட்டிருப்பவளுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் கிருமியை நினைத்திருக்க வேண்டியவள் நான். சனிக்கிழமை உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. செவ்வாயன்று நீ போய்விட்டாய்.

உன் வீட்டுக்காரர் என்னைக் குறை சொல்லவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போலாம்னுதாங்க கூப்பிட்டேன். 'இது நல்ல சூடு, அவளுக்குத் தெரியும்'னு படுத்துக்கினா" என்றார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

வேலையை நான் விடவில்லை. கூப்பாட்டை எப்போது அடக்குவதென்று எங்கள் கூடத்தில் இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. போன வாரம் எங்கள் ஊரை ஒட்டிய பாலகாட்டிலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவரின் மனைவி.

"நரம்பு திரும்ப வளருமாக்கா?"

"தெரியலம்மா. ஆனா காய்ச்சல் வந்தா ஒரு நாள்கூடக் காத்துக்கினு இருக்காதீங்க. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

தலையாட்டினாள். மறுபடியும் சொன்னேன். வாசல் வரை போனவளைத் தடுத்து மூன்றாவது முறையும் சொன்னேன்.

"போறேங்க்கா, கண்டிப்பா போறேன்" என்றாள் பயந்துபோய். "ஏங்க்கா இப்படிக் கத்துறீங்க?"

நான் கத்திக்கொண்டிருந்தது அப்போதுதான் என் காதிலேயே விழுந்தது.