பஸ்மியாவின் பதிவும் கட்டார் மாப்பிள்ளையும்

ஜூலை 6, 2009, திங்கள்

மேற்கிலிருந்து கச்சான் காற்று. வாய் நிறைய மணல். கொம்பியூட்டர் அறையில் ஒரே மின்விசிறி, அதுவும் என் பக்கம் (நான்தானே ஆசிரியர்).

தரம் பத்தின் வலைப்பூவுக்கு இந்த வாரத் தலைப்பு: 'எங்கள் வீடு'. கொப்பியில் எழுதச் சொன்னால் எல்லோர் வீட்டிலும் ஒரே மாமரம், அன்பான பெற்றோர். வலைப்பூவில் மட்டும் பொய் குறைகிறது. ஏனென்று ஆராயலாம். சோம்பல்.

பஸ்மியாவின் பதிவுதான் இன்று முதலிடம். ராத்தாவுக்கு, அதாவது அக்காவுக்கு, நோன்புக்கு முன் கலியாணம். சுனாமிக்குப் பிறகு கிடைத்த வீடு ராத்தாவின் சீதனம். "நற்பிட்டிமுனையில் காணி இருக்கிறது, நாங்கள் அங்கே போய்விடுவோம் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் வாப்பா சொல்லியிருக்கிறார். காணி இல்லை. நாங்கள் நாலு பேரும் குசினிக்குள்தான், அடுப்புப் பக்கத்தில்தான், படுக்கப் போகிறோம்."

நெகிழ்ந்து போனேன். 'அருமை' என்று பின்னூட்டம் போட்டு உடனே வெளியிட்டேன். ஊரில் எவன் இதையெல்லாம் பார்க்கிறான் என்ற தைரியம்.

ஜூலை 8, புதன்

ஊரில் பார்ப்பதில்லை, சரி. ஊரில் பாதி கட்டாரில் அல்லவா இருக்கிறது! மடையன் நான்.

பின்னூட்டம், பெயரில்லாமல், கட்டாரிலிருக்கும் மாப்பிள்ளைக்கு: "மச்சான், இது உன்ட பொம்புள வீடுதானே?"

பதிவை மறைத்தேன். பிந்திவிட்டது. பின்னேரம் மீன் கடையில் இரண்டு பெண்கள்:

"கலியாணம் குழம்புதாம்கா."

"ஆருகா குழப்பின?"

"படிப்பிக்கிற சேராம்."

மீன் வாங்காமலே திரும்பினேன். என் வீட்டுக்காரி வெறுஞ்சோற்றைப் பார்த்துச் சொன்னது: "அந்தப் புள்ளைக்கு மாப்பிள இல்லாமப் போனா, நீங்க ரெண்டாந்தாரமாக் கட்டலாமெண்டு மட்டும் நினைக்காதீங்க."

நாட்டில் யுத்தம் முடிந்துவிட்டதாம். சந்தியில் அடையாள அட்டை கேட்கிற ஆமிக்காரனுக்குக்கூட இன்று நான் நடுங்கவில்லை. மாப்பிள்ளையைப் பெற்ற உம்மாவை நினைத்தால்தான் நடுக்கம்.

ஜூலை 9, வியாழன்

தூக்கமில்லை. பாடசாலை அதிபர் என்னைப் பார்க்கிறார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டாலாவது பரவாயில்லை.

பஸ்மியா நேரே வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. "ராத்தா சோறு தின்னுறல்ல சேர். வாப்பா என்னோட கதைக்கிறல்ல. நான் பொய்யா எழுதின? மறுகா ஏன் மறைச்சீங்க?"

சோக்குத்துண்டை இரண்டாக உடைத்தேன்.

ஜூலை 10, வெள்ளி

ஜும்மா முடிந்து வந்தால் மாப்பிள்ளையின் உம்மா எங்கள் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்திருக்கிறார். ஸலாம் சொன்னேனா, நினைவில்லை.

"மகன் போன்ல அரைவாசிதான் சொல்றான். வாசிங்க சேர், ஒரு எழுத்தும் உடாம."

மடிக்கணினியைத் திறந்து வாசித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. 'குசினி' வந்த இடத்தில் கையை உயர்த்தினார்.

"திரும்ப."

திரும்ப. வீட்டுக்காரி தேத்தண்ணியோடு வாசலில் சிலை.

"நாலு பேரும் குசினிக்குள்ளயா?"

"ஓம்."

முந்தானையை இழுத்துவிட்டார். பிறகு: "என்ட மூத்த மகளுக்கு வீட்டக் குடுத்திட்டு நானும் குசினிக்குள்ள படுத்தவள்தான். எங்கட காணி எங்கண்டு கேட்டவங்களுக்கு, இல்லயெண்டு சொல்லாம நானும் சிரிச்சிட்டு இருந்த... என்ட மகனுக்கு ஒரு ரூம் போதும். மத்த ரூமில அவங்க இருக்கட்டும். கலியாணம் சொன்ன நாளைக்குத்தான். இத அதுலயே எழுதுங்க. கட்டார்ல சிரிச்சவனுகளும் படிக்கட்டும்."

பதிவை மீண்டும் வெளியிட்டு, அவர் சொன்னதை அப்படியே கீழே அடித்தேன். அவசரத்தில் ஒரு சொல் இரண்டு தரம் விழுந்தது. அல்ஹம்துலில்லாஹ். மூச்சு வந்தது.

அவர் எழும்பவில்லை. தேத்தண்ணியை ஊதிக்கொண்டு:

"மத்தப் புள்ளையளும் அவங்கட அவங்கட வீட்டப் பத்தி எழுதியிருக்காமே? வாசிங்க பாப்பம்."

அடுத்த பதிவு அவருடைய மூத்த மகளின் மகள் எழுதியது. தலைப்பு: 'உம்மம்மா வந்தால் எங்கள் வீடு'.