இடது கை

அருமைத் தங்கைக்கு,

நர்ஸிங் படிப்புக்கு உன்னை நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்களாம். நலமாகத்தான் இருப்பாய்.

எனக்கு அழைப்பு வரவில்லை. லீவு போட்டுவிட்டுப் பல்கலைக்கழக அலுவலகத்துக்கே போய்க் கேட்டேன். அங்கிருந்த அம்மாள் இரண்டு விண்ணப்பங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "குடும்பப் பின்னணின்னு நீ எழுதினதை இன்னொரு பொண்ணு முன்னாடியே எழுதி அனுப்பிட்டாம்மா. சொந்தக் கதையைக்கூடவா காப்பி அடிப்பீங்க?"

கம்ப்யூட்டர் தெரியாமல் என் விண்ணப்பத்தை உன்னிடம் டைப் அடிக்கக் கொடுத்தது என் புத்திகெட்டதனம். அப்பா போனபின் பதினைந்து வயதில் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் சேர்ந்தது, இஸ்திரி மெஷினில் இடது கை சிக்கி வெந்தது, அந்தக் கைக்குக் கட்டுப்போட்ட நர்ஸைப் போல ஆக வேண்டும் என்ற ஆசை, எல்லாம் உன்னுடையதாகிவிட்டது. 'தங்கையைப் படிக்கவைக்கிறேன்' என்பதை மட்டும் 'தம்பியை' என்று மாற்றியிருக்கிறாய். நமக்கு ஏதடி தம்பி?

அங்கேயே சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டியிருக்கலாம். இழுத்து மூடிக்கொண்டு, "மன்னிச்சிடுங்க மேடம், காப்பிதான்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. உனக்கு இடம் கிடைக்க வேண்டுமென்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நேர்காணலில் கையைக் காட்டச் சொல்வார்கள். வெறுங்கையோடு போனால் மாட்டிக்கொள்வாய். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, அதற்குள் புண் ஆறித் தழும்பாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை சலவைக்கூடத்தில் நான் மட்டும்தான் இருப்பேன். மெஷினைச் சூடாக்கி வைக்கிறேன்.

அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வா.

உன் அக்கா