மிஸ்டேக் என்று போடமாட்டேன்

திருப்பூர்,
வெள்ளிக்கிழமை

பாசமுள்ள மைதிலிக் கண்ணுக்கு,

சிவன்மலை ஆண்டவன் சாட்சியாக உன் தாய்மாமன் ஒரு கதை சொல்லப் போகிறேன். நீ நம்பமாட்டாய், நீ இருக்கும் அயர்லாந்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய் என்றுதான் காகிதத்தில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

எங்கள் கம்பெனியிலிருந்து போன நாலாயிரம் டீ-ஷர்ட்டில் கழுத்துத் தையலோரம் பொட்டுப் பொட்டாக ஓட்டை. ஏனென்று அதை வாங்கிய வெளிநாட்டு பையர் மெயிலில் கேட்டிருந்தார். இங்கிலீஷில் பதில் எழுத இந்தப் பூலோகத்தில் என்னை விட்டால் யார்? மானேஜர் செந்தில்வேல் வந்து, "டெய்லர் மிஸ்டேக்னு போடுங்க. ஆளை நிறுத்திட்டோம்னு சேத்துக்குங்க" என்றார். அந்த ஆள் ஜெயசுதா. பதினோரு வருஷமாகக் கழுத்துப் பட்டி தைக்கிறவள்.

மிஸ்டேக் ஆள் செய்வது, டிஃபெக்ட் பொருளில் இருப்பது என்று போன தீபாவளிக்கு நீ சொன்னாயே, அது ஞாபகம் வந்தது. இரண்டையும் துணி நிறுக்கும் தராசில் வைத்தேன். மிஸ்டேக் இருந்த தட்டு தரையைப் பிளந்துகொண்டு இறங்கியது. உடுமலைப்பேட்டைக் காற்றாலைகளெல்லாம் சுற்றுவதை நிறுத்தி எட்டிப் பார்த்தன.

ஜெயசுதாவைக் கேட்டேன். "ஊசி மழுங்கி நூலை அறுக்குது, மாத்திக் குடுங்கன்னு அந்த ஆர்டர் தைக்கறப்பவே கேட்டனுங்க" என்றாள். ஊசி ரிஜிஸ்டரைப் புரட்டினால், கேட்டதற்கு அவள் கையெழுத்து இருக்கிறது. கொடுத்ததற்கு ஒருவர் கையெழுத்தும் இல்லை. ஊசி டிஃபெக்ட் என்று பதிலில் எழுதினேன்.

ரெண்டு வார்த்தையும் ஒன்றுதானே, எதற்கு அடம் என்று செந்தில்வேல் மறுபடி வந்தார். ஒன்றுதான் என்றால் நான் எழுதியதே இருக்கட்டுமே என்றேன். அவர் மீசை பொத்தென்று கீழே விழுந்தது. பெருக்கும் அம்மா அள்ளிக்கொண்டு போனார்.

எழுதியதை மாற்றாமல், ரிஜிஸ்டர் பக்கத்தையும் சேர்த்து பையருக்கு அனுப்பினேன். பட்டனைத் தொட்டதும் இடி இடித்தது. பையர் தேம்பி அழுதார். முதலாளி ஆளுயர மாலையோடு ஓடிவந்தார்.

மாலையெல்லாம் வரவில்லை, கண்ணு. தராசும் மீசையும்கூட நான் விட்ட சரடுதான். அந்த மெயிலும் அதில் இருந்த பக்கமும் மட்டும் நிஜம். ஜெயசுதா இன்று சாயங்காலம் வரை அவள் மிஷினில்தான் உட்கார்ந்திருந்தாள். நாளைக் காலை பத்து மணிக்கு முதலாளி என்னை வரச் சொல்லியிருக்கிறார். எத்தனை தரம் கேட்டாலும் என்னிடம் டிஃபெக்ட் என்ற அந்த ஒரு வார்த்தைதான் இருக்கிறது.

உன் அத்தைக்கு இன்னும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. இங்கே பத்து மணி ஆகும்போது அங்கே விடிந்திருக்காது. விழிப்பு வந்தால் ஒரு தரம் மாமனை நினைத்துக்கொள்.

நல்லா இரு, சாமி.

உன் மாமன்,
மோகன்ராஜ்