வலைத்தடுப்புக்குக் கீழே நின்றவர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம், அவருடைய முட்டிவலியும் எங்களோடு சௌக்கியமாகக் குடியிருக்கிறது. நீ நலம் என்று போனில் சொல்வதை மட்டும் என்னால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஐந்து நாளாக இருமுகிறாய், கேட்டால் தூசிம்மா என்கிறாய், தூசிக்கு யாராவது ஐந்து நாள் இருமுவார்களா. நீ அனுப்பிய படத்தில் உன் அறைத் தோழி உன் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறாளே, நீ கொடுத்ததா, அவளே எடுத்ததா. சரி, விடு. இந்தச் சந்தேகப் புத்தி என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நீ இங்கே இருந்தபோது வாய்க்கால் தலைப்பில் வலைத்தடுப்பு கிடையாது, அதனால் விவரமாகவே எழுதுகிறேன். நம் ஆற்றைத் தவிர வேறெங்கும் இல்லாத அந்த விரல்நீள மீன், வாலில் கருப்புக் கோடு போட்டது, தண்ணீரோடு வாய்க்காலில் இறங்கிவிட்டால் திரும்பி ஏற வழியில்லாமல் வயலில் போய்ச் சாகும். அது அழிந்துகொண்டே வருகிறது என்றுதான் ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடத்தில் கம்பிவலையை வைத்தார்கள். காலையில் அதைச் சங்கிலியால் தூக்கி, பாசியும் சருகும் போகத் தேய்ப்பது என் வேலை. தூக்கும் முன் பின்னாலுள்ள மாற்றுத் தடுப்பை இறக்க வேண்டும் என்பது விதி. அதை இறக்குகிற சக்கரம் இறுகிக் கிடக்கிறது, எங்கள் ஆபீசில் இரண்டு முறை சொல்லியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கோ தோள்பட்டை போச்சு. கால் மணி நேரம்தானே என்று அதை இறக்காமலே தூக்கித் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு மாதம் முன்பு மதகு திறக்கப் புதிதாக ஒருவன் வந்தான். நான் தடுப்பைத் தூக்குகிற நேரம் பார்த்து தண்ணீர் போகிற பக்கம் நாற்பதடி தள்ளிக் கீழே வாய்க்காலில் கைவலையோடு நிற்பான். நான் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பிறகு வாளியைத் துண்டால் மூடிக்கொண்டு புதர்ப்பக்கம் போய்விடுவான். வாளிக்காரன் என்று பெயரே வைத்துவிட்டேன். மூடி எடுத்துப் போகிறவன் வேறு என்னத்தை எடுத்துப் போவான். வேலைக்குப் போனமா வந்தமான்னு இரு என்றார் உன் அப்பா. அவரும் அவனும் ஒரே கடையில் டீ குடிக்கிறவர்கள், அதனால் அவர் மேலும் எனக்குச் சந்தேகம். பாதுகாக்க வேண்டிய மீனைத் தினமும் திருடுகிறான், என் கண்ணால் பார்த்தேன் என்று ஆபீசுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விசாரணை முடியும்வரை கரைப்பக்கமே வரக்கூடாது என்று அவனைக் கிடங்கில் உட்கார வைத்தார்கள்.

பத்து நாள் கழித்து மராமத்துக்காக வாய்க்காலை அடைத்தார்கள். தண்ணீர் வடிந்த குட்டைகளில் அந்த மீன்கள் செத்துக் கிடந்தன, அறுபத்து மூன்று. எண்ண வந்த மீன்துறை அம்மா என்னிடம், மாற்றுத் தடுப்பை இறக்கிட்டுத்தானே தூக்குறீங்க என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். ஆட்டும்போதே எனக்கு விளங்கிவிட்டது. வாளிக்காரர் கரையில் இல்லாத பத்து நாளில்தான் இத்தனையும் செத்திருக்கின்றன. அதுவரை என் கால் மணி நேரத்தில் தப்பி வந்ததையெல்லாம் அவர்தான் பிடித்து, துள்ளி விழாதபடி மூடி, புதர் தாண்டி ஆற்றில் விட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

கிடங்குக்குப் போய், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். முதல் நாளே சொன்னேனேக்கா, என் வேலைய எனக்குச் சொல்லித்தர வேண்டாம்னீங்க என்றார். மேல சொன்னா உங்க வேலை போயிரும், அதான் கீழ நின்னுக்கிட்டேன் என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அப்படிச் சொன்னது நான்தான், எனக்கு நினைவில்கூட இல்லை. வெட்கமாக இருக்கிறது, மகளே.

வருகிற திங்கட்கிழமை விசாரணை. அவரை வேலையை விட்டு அனுப்பத்தான் பார்க்கிறார்கள். தப்பு என்னுடையது என்று நடந்ததையெல்லாம் எழுதி நேற்று ஆபீசில் கொடுத்தேன். என் புகாருக்கு அன்றைக்கு உடனே முத்திரை குத்திய குமாஸ்தா, இதைப் படிக்காமலே இழுப்பறையில் போட்டார். முத்திரை கேட்டால், அப்புறம் பாத்துக்கலாம்மா என்கிறார். சக்கரத்தைச் சரிசெய்யாத கதை வெளியே வரக்கூடாது என்று பார்க்கிறார்களோ என்னவோ, எனக்கு நல்லதாகப் படவில்லை. அதனால் அதையே இன்னொரு பிரதி எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். வீட்டில் வைத்தால் என் வேலை போய்விடுமே என்று உன் அப்பா கிழித்துப் போட்டாலும் போடுவார்.

வேளைக்குச் சாப்பிடு, நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இரு. ஒன்றை மட்டும் மறக்காதே. அப்படி ஒரு கடிதமே வரவில்லை என்று திங்கட்கிழமை அவர்கள் சொன்னால், உனக்குப் போனில் சொல்கிறேன், உன்னிடம் இருப்பதை அன்றைக்கே மீன்துறை அம்மாவுக்கு அனுப்பிவிடு. விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது. அப்புறம் வேண்டாம் என்று நானே போன் செய்து சொன்னாலும் கேட்காதே, அனுப்பிவிடு.

உன் அம்மா