எட்டுக் குத்தும் ஒரு நூல் கடியும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் அவள் மகளும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, பாட்டுக் கேட்கிற அந்த இரும்பு வளையத்தைத் தலையோடு மாட்டிக்கொண்டு காதைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். சுகம் விசாரித்தாயிற்று, இனி விஷயத்துக்கு வருகிறேன். நாலு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை, அருவருப்பு. போனில் சொல்லியிருக்கலாம், சொன்னால் நீ நடுவில் புகுந்து "அம்மா, ஒனக்கு இதெல்லாம் புரியாது" என்பாய். கடிதத்துக்குள் நீ புக முடியாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் தையல் பட்டறையில் சூப்பர்வைசருக்கே விடுப்புக் கடிதம் எழுதிக்கொடுத்த கை இது, ஆகையால் உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படி.

செவ்வாய்க்கிழமை காலையில் அந்த ஆணி வந்தான். நீ அங்கிருந்து தாளம் செய்து அனுப்ப, இங்கே அதன்மேல் மூச்சுவிடாமல் பேசிப் பாடுகிறானே, வளர்ந்து வருகிற பையன் என்று நீ தலையில் தூக்கிவைத்து ஆடுகிறாயே, அதே ஆணிதான். பேர் என்ன தம்பி என்று கேட்டேன், "ஆணிம்மா" என்றான். பெற்றவர்கள் வைத்த பேரைக் கேட்டேன், "அதுல ஒரு கெத்து இல்லம்மா" என்றான். கூடவே கேமராவோடு ஒருவன், குடை மாதிரி விளக்கோடு ஒருவன். வந்த வேகத்தில் ஆணி என் வெட்டு மேஜையின் மேல் பூட்ஸ் காலைத் தூக்கிப் போட்டான். அதன்மேல் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கவேண்டிய வெள்ளைச் சட்டைகள் பன்னிரண்டு மடித்து வைத்திருந்தேன், இரண்டில் கறை ஏறிவிட்டது. வாயில் மென்றுகொண்டிருந்ததை எடுத்து என் மெஷினுக்கு அடியில் ஒட்டினான், யாரும் பார்க்கவில்லை என்று அவன் நினைப்பு. மறுநாள் தைக்க உட்கார்ந்தபோது அது என் முட்டியில் நூல் நூலாக வந்தது. சீ. இன்னொருவன் வாயில் ஊறியதைக் கத்தியால் சுரண்டி எடுத்த கையால்தான் இதை எழுதுகிறேன், மூன்று தடவை சோப்புப் போட்டும் மனசு ஒப்பவில்லை.

கேமராக்காரன் என்னைப் பார்த்து, "பாட்டி, மெஷின் பக்கத்துல ஒக்காந்து ஜன்னலப் பாருங்க, புருஷன நெனச்சு கொஞ்சம் கண்ணு கலங்குங்க" என்றான். புருஷனை நினைக்க எனக்கு விளக்குப் பிடிக்க ஆள் வேண்டாம் என்றேன். சரி, கண்ணீர் வேண்டாம், ஒரு தடவை இருமுங்கள் என்றான். ஏன் இருமவேண்டும் என்றேன். "பாட்டுல உங்க வீட்டு ஐயா இருமுறாரு இல்ல, நீங்களும் இருமினா கோர்வையா இருக்கும்" என்கிறான். அப்போதுதான் உன் அக்கா மகள், அந்தச் சின்னவள், பாட்டையே போட்டுக் காட்டச் சொன்னாள். போட்டான்.

மகனே, நீ செய்கிற வேலையை நான் ஒருநாளும் குறைத்துப் பேசியதில்லை. பழைய டேப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அடியில் தாளத் தட்டு சேர்த்துப் புதுசாக ஆக்குகிறேன் என்றாய். வெட்டுத்துணியில் தலையணை உறை தைத்து விற்று உங்களை வளர்த்தவள் நான், எனக்கா அது புரியாது. உன் பங்கு எனக்குப் பிடித்தது, மறைக்கமாட்டேன். முதலில் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி அந்தத் தடித்த முணுமுணுப்பு, பிறகு அந்த இருமலையே துண்டாக்கித் தட்டாக வைத்திருக்கிறாய், தையல் நேர்த்தி. அதன்மேல் அவன் வாயைத் திறந்தான் பார். நான் இரண்டு மூச்சு விடுவதற்குள் ஊரில் உள்ள அத்தனை பேருடைய அம்மாவையும் அக்காவையும் இழுத்துவிட்டான். பதினாலு வயசுப் பெண் பக்கத்தில் நிற்கிறாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சம், என் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கூச்சம், இரண்டு பேருமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதுவும் போகட்டும் என்றால், உன் அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்து இருமி இருமி ரத்தமாகத் துப்பிச் செத்தாராம், அதைப் பார்த்து நீ வாளி ஏந்தி நின்றாயாம்.

உன் அப்பா சுவருக்கு வர்ணம் அடித்தவர். பஞ்சாலை வாசலைக்கூட மிதித்ததில்லை. சாரத்துப் பலகை முறிந்து நாலாம் மாடியிலிருந்து போனார், உனக்கு அப்போது மூன்றரை வயசு, வாளி உன்னைவிட உயரம். இதை ஆணியிடம் சொன்னேன். அவன் கொஞ்சமும் அசரவில்லை. "தெரியும்மா, இவன் சொல்லியிருக்கான். ஆனா பாட்டுக்கு இருமல்தான் எடுப்பா இருக்கு. சாரத்துல இருந்து விழுந்தா ஒரே சத்தத்தோட முடிஞ்சு போயிடுதே" என்றான். அந்த வார்த்தை என் வீட்டில், இந்த வீட்டுக்கு அவர் கடைசியாக அடித்த பச்சைச் சுவருக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு. உன் அக்கா துடைப்பத்தைக் கையில் எடுத்துவிட்டாள். நான்தான் கண்ணைக் காட்டி நிறுத்தினேன், வீடு தேடி வந்தவன் என்பதற்காக இல்லை, துடைப்பம் புதுசு.

போகிறபோது ஒரு தாளை நீட்டினான். பாட்டை வெளியிடுகிற கம்பெனி கேட்கிறதாம். சின்னவள்தான் வாங்கி ஓர் இடத்தில்கூடத் தடுக்காமல் படித்துப் பொருள் சொன்னாள், என் பேத்தி என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம், அப்படிப் படித்தாள். இந்த ஒலிநாடாவில் இருக்கும் குரல் காலமான என் கணவருடையது, அதைப் பாட்டில் சேர்க்க மனைவி என்ற முறையில் சம்மதிக்கிறேன், கீழே என் கையெழுத்து. இருபத்தைந்தாம் தேதிக்குள் இது போய்ச் சேராவிட்டால் பாட்டு வராது. இரண்டு வருஷமாக வாரத்தில் கிடைக்கிற ஒரே லீவு நாளையும் தூங்காமல் இதற்கே நீ கொடுத்தது எனக்குத் தெரியும். "இது வந்தாத்தாம்மா என் பேரு வெளிய தெரியும்" என்று போன மாசம் நீ சொன்னபோது உன் குரல் சின்னப்பிள்ளைக் குரல் மாதிரி இருந்தது. பேனாவைக் கையில் எடுத்தேன். போட முடியவில்லை. "கையெழுத்துதானேம்மா, சொத்தா போயிடும்" என்று ஆணி இளித்தான். தாளை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

அவன்மேல் உள்ள வெறுப்பில்தான் நான் போடவில்லை என்று உன் அக்கா நினைத்துக்கொண்டிருக்கிறாள். இல்லை. அந்த டேப்பில் முணுமுணுப்பது உன் அப்பா இல்லை. அது நான். இருமலும் என்னுடையதுதான், பட்டறையில் பறக்கிற பஞ்சுத் தூசி யாரை விட்டது.

எழுந்து போகாதே, படி. நான் காஜா எடுத்துச் சட்டைக்குப் பட்டன் கட்டுகிறவள் என்பது உனக்குத் தெரியும், எண்ணிக்கை தவறாமலிருக்க ஒரு வழி வைத்திருந்தேன் என்பது தெரியாது. ஒரு பட்டனுக்கு எட்டுக் குத்து. ஏழானால் ஒரு வெளுப்பில் அறுந்துவிடும், ஒன்பதானால் நூல் வீண் என்று சூப்பர்வைசர் கத்துவான். வாயால் ஒன்று இரண்டு என்று எண்ணினால் பக்கத்தில் இருப்பவள் பேச்சுக் கொடுத்ததும் மறந்துபோகும், அதனால் எட்டுக் குத்துக்கு எட்டு இழுப்பாக ஒரு ராகம் வைத்து ம்ம் என்று இழுத்துக்கொண்டே போவேன், ராகம் முடிகிற இடத்தில் பட்டன் முடிந்திருக்கும், நூலைக் கடித்து அறுத்துவிட்டு அடுத்தது. உன் அப்பா டேப் ரெக்கார்டர் வாங்கி வந்த அன்று, புது பேட்டரி போட்டு, வீட்டில் பட்டன் கட்டிக்கொண்டிருந்த எனக்குத் தெரியாமல் என் முதுகுக்குப் பின்னால் அதை வைத்து அமுக்கிவிட்டார். சத்தம் கெட்டுவிடும் என்று இருந்த இடத்தைவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாராம். அந்த டேப்பில் அவருடைய பங்கு அவ்வளவுதான்.

அவர் போன ஆறாம் மாசம், மத்தியானம், நீ அப்பா வேண்டும் என்று தரையில் புரண்டு அழுதாய். என்ன கொடுத்தும் நிற்கவில்லை. கைக்குக் கிடைத்த கேசட்டைப் போட்டேன். பேட்டரி சாகப்போகிற நிலைமை, டேப்பு இழுத்து இழுத்து ஓடியது, என் குரல் ஆம்பிளைக் குரல் மாதிரி தடித்து வந்தது. நீ அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்து "அப்பாவா" என்று கேட்டாய். நான் ஆமாம் என்றேன். ஒரே ஒரு ஆமாம். அதற்குப் பிறகு நீ அழும்போதெல்லாம் நானாகவே பழைய பேட்டரியைத் தேடி எடுத்துப் போட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நீ வளர்ந்ததும் மறந்துவிடுவாய் என்று நினைத்தேன். நீ என்னவென்றால் போன தடவை வந்தபோது கேசட்டைத் துணிக்குள் சுற்றிக் கொண்டுபோனாய். அங்கே நல்ல மெஷினில் போட்டுப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணி, "டேப்பு வேகமா ஓடுதும்மா, பொம்பளக் குரல் மாதிரி கேக்குது. வீக்கான பேட்டரில ரெக்கார்ட் பண்ணியிருக்காங்க. நான் வேகத்த எறக்கிச் சரி பண்ணிட்டேன், அப்பா வந்துட்டாரு" என்றாய். சரியாக இருந்ததைத்தான் நீ இறக்கினாய், மகனே. அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும். "அப்படியா ராசா" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். ஆணி சொன்ன பொய்யைக் கேட்டு அருவருப்பு என்றேனே, அவன் போன பிறகு உட்கார்ந்து யோசித்தால், அவன் பொய்க்கு வயசு இரண்டு மாசம், என் பொய்க்கு இருபத்தாறு வருஷம். நாலு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்காததற்கு அவன் ஒட்டிவிட்டுப் போனது மட்டும் காரணம் இல்லை.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஏதோ பேட்டியில் இந்த ஞானமெல்லாம் அப்பாவிடமிருந்து வந்தது என்று சொன்னாயாம், சின்னவள் காட்டினாள். எனக்குள்ளே சுருக்கென்றது. உன் அப்பா நூல் பிடித்த மாதிரி சுவர் அடிப்பார், ஆனால் ஒரு வரியை ஒழுங்காக முணுமுணுக்கத் தெரியாது, அவர் வாயைத் திறந்தால் நீயே தொட்டிலில் சிணுங்குவாய். எட்டுத் தட்டு முடிந்து அப்பா ஒரு சின்ன மூச்சு விடுகிறார், அந்த இடத்தில்தான் பாட்டே இருக்கிறது என்று என்னிடம் எவ்வளவு நேரம் சொன்னாய். அது மூச்சு இல்லையடா. நம்பாவிட்டால் டேப்பை அதன் வேகத்திலேயே ஓடவிட்டு அந்த இடத்தில் காதை வை, பல்லில் நூல் அறுகிற சத்தம் கேட்கும். வர்ணம் அடிக்கிறவர் எதைக் கடிக்கப்போகிறார்.

தாளை இதோடு வைத்திருக்கிறேன். காலமான என் கணவருடையது என்ற இடத்தை அடித்துவிட்டு, என்னுடையது, நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறேன். மனைவி என்பதை அடித்துவிட்டுப் பட்டன் கட்டுகிறவள் என்று போட்டு, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். பின்பக்கம் இரண்டு நிபந்தனை, சின்னவளே நல்ல எழுத்தில் எழுதினாள். உன் அப்பாவை இருமவைத்துக் கொன்ற வரிகள் போகவேண்டும். என் முணுமுணுப்புக்கு மேலே யாருடைய அம்மாவும் அக்காவும் வரக்கூடாது, அந்தச் சாக்கடையை அவன் வேறு தாளத்தில் ஓடவிடட்டும். ஒப்புக்கொண்டால் அனுப்பு. இல்லையென்றால் கிழித்துப் போடு, இருபத்தைந்து தவறினால் தவறட்டும், வேறு கையெழுத்து என்னிடம் கிடையாது. உன் இரண்டு வருஷத்தை நான் மறக்கவில்லை, ஆனாலும் கிடையாது.

உன் அப்பா குரல் எந்த டேப்பிலும் இல்லை. இருப்பது என் காதில்தான், அதிலிருந்து ஒரு துண்டு தருகிறேன், வைத்துக்கொள். அவர் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அந்தப் பச்சைச் சுவரை அடித்த அன்று, நீ வர்ணம் படாமல் விட்டுப்போன இடத்தையெல்லாம் விரலை நீட்டிக் காட்டிக்கொண்டு நின்றாய், அன்றிலிருந்து கதவைத் திறந்ததும் "மேஸ்திரி எங்க, வேலையப் பாக்க வந்தாச்சா" என்றுதான் நுழைவார். சன்னமான குரல், உன் குரல் மாதிரியே. தடித்த குரலே இல்லை. இதைக் கொண்டுபோய் அந்த ஆணியிடம் கொடுத்தாய் என்று தெரிந்தால் தோலை உரித்துவிடுவேன்.

நேரத்துக்குத் தூங்கு, காதுக்கு ஓய்வு கொடு. என்மேல் கோபம் இருந்தால் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுப் பிறகு போன் பண்ணு, நடுவில் புகுந்து பேசலாம், கேட்டுக்கொள்கிறேன். நீ நீண்ட ஆயுளோடும் நல்ல பேரோடும் இருக்கவேண்டும், கை வைத்த வேலையெல்லாம் அறுந்துபோகாமல் நிற்கவேண்டும். மறக்காமல் கேசட்டைத் திருப்பி அனுப்பு, அது என்னுடையது.

இப்படிக்கு,
எட்டுக்கு ஒன்று குறையாமல் தைத்த
உன் அம்மா