நான் எடுத்துக் கொடுத்த மடக்குக் கத்தி

பனிச்சங்கேணி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் கேதீசனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் தங்கச்சி தக்சிகாவும் ஓரளவு சுகத்தோடு இருக்கிறோம், அந்தக் குளிர் ஊரில் உனக்கும் ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்று வெருகல் முருகனிடம் கேட்டபடியே இருக்கிறேன். உன்னோடு வேலை செய்கிற கிருஷாந் லீவு முடிந்து திங்கட்கிழமை கொரியாவுக்குத் திரும்புகிறான், இதை அவன் கையில்தான் கொடுத்து விடுகிறேன். இறால் கருவாடும் மிளகாய்த்தூளும் வைத்திருக்கிறேன், தூளுக்குள் ஈரக் கரண்டியைப் போடாதே. தக்சிகாவுக்குப் பாசிக்குடா ஹோட்டலில் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள், சந்தோசமாகப் போய் வருகிறாள். இந்த முறை மழை பிந்தியதால் களப்பில் தண்ணீர் குறைவு, நண்டும் குறைவு. கிழமையில் இரண்டு தரம் போனில் முகம் பார்த்துக் கதைக்கிற தாய் எதற்காகக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ யோசிப்பாய். முகம் பார்த்தால் எனக்கு இது வாயில் வராது மகன், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு நல்ல மடக்குக் கத்தி ஒன்று வாங்கிக் கொடுங்கள் அம்மா, சமையல் கத்தியைச் சாக்குத் துண்டில் சுற்றித் தோணியில் கொண்டுபோவது ஆபத்து என்று சொல்லி நீ காசு அனுப்பினாய் அல்லவா. நான்தான் ஏறாவூருக்குப் போனேன். வலையும் கயிறும் விற்கிற ரிஸ்கானுடைய கடை உனக்குத் தெரியும், நம்முடைய ஊர் ஆட்கள் எல்லாரும் அங்கேதான் எடுப்பார்கள். அந்த மனிதன் வேறு வேலையை விட்டுவிட்டு எனக்கு மூன்று கத்தியை எடுத்து வைத்தான். கறுப்புப் பிடி போட்ட ஒன்றைக் காட்டி, இது பெரிய விலையும் இல்லை, பெருவிரலால் தள்ளினால் ஒரு கையாலேயே திறக்கும், தோணியில் மற்றக் கை எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டுதானே இருக்கும் என்றான். திறந்து, அலகின் முதுகை மேசையில் வைத்து அழுத்திக் காட்டினான், அலகை மடங்க விடாமல் பிடிக்கிற லொக் அசையவில்லை. உப்புத் தண்ணீருக்குக் கெதியில் துருக்கறள் பிடிக்காது, பிடியில் ஓட்டை இருக்கிறது, கயிறு கட்டி இடுப்பில் கொழுவலாம் என்றும் சொன்னான்.

என் கண் மற்றதில் போய்விட்டது. அது பளபளவென்று இருந்தது, கத்தி, கத்தரிக்கோல், போத்தல் திறக்கிற சாமான், சின்ன டோர்ச் எல்லாம் ஒன்றுக்குள்ளேயே, விலையும் குறைவு. ரிஸ்கான் அதையும் மேசையில் வைத்து அழுத்தினான், லொக் விட்டுக்கொடுத்து அலகு பாதியில் மடங்கிற்று. “அக்கா, இது பார்வைக்கு. மற்றதுதான் வேலைக்கு” என்று சொன்னான். நான் கேட்கவில்லை. கடைக்காரன் விலை கூடியதைத்தானே தள்ளப் பார்ப்பான் என்று நினைத்தேன். இதுவும் கத்திதானே, கயிறு வெட்டத்தானே என்று சொல்லி அதையே எடுத்தேன், மிச்சத்துக்குப் பக்கத்துக் கடையில் முன் அறைக்குத் திரைச்சீலை வாங்கினேன். நீ போனில் பார்த்து வீடு வடிவாக இருக்கிறது என்று சொன்னாயே, அந்தப் பச்சைத் திரைச்சீலைதான்.

அப்பா அந்தக் கத்தியை மகன் வாங்கித் தந்தது என்று சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் காட்டினார். வேலன் மாமாவோடு நண்டு வலைக்குப் போன அன்று, என்ஜின் காற்றாடியில் யாரோ விட்டுப்போன தங்கூசி நைலோன் வலை சுற்றிவிட்டது. அப்பா பின்பக்கம் குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டு வெட்டியிருக்கிறார். இழுத்து வெட்டும்போது அலகு அப்படியே அவருடைய கைமேல் மடங்கிவிட்டது. வலது கை சுட்டுவிரல். வேலன் மாமா தன் சாரத்தைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு வந்து சேர்த்தார். வாழைச்சேனையில் பார்த்துவிட்டு மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள், விரலை மடக்குகிற நரம்பு அறுந்துபோயிற்று என்று சொல்லி அங்கே தைத்தார்கள். இவ்வளவும் உனக்குத் தெரியும்.

தெரியாததை இனி எழுதுகிறேன். வார்டில் கட்டிலில் இருந்தபடி அப்பா என்னைப் பார்த்து, இந்தக் கத்தியை யார் தெரிவுசெய்து தந்தது என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் யோசிக்கவே இல்லை மகன், வாய் தானாகச் சொல்லிற்று: “ரிஸ்கான்தான் இது நல்லம் எண்டு எடுத்துத் தந்தவர்.”

கையில் கட்டோடு வீட்டுக்கு வந்த அடுத்த நாளே வேலன் மாமாவையும் கூட்டிக்கொண்டு அப்பா ஏறாவூருக்குப் போய்விட்டார். எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியும். தடுத்தால் ஏன் என்று கேட்பாரே என்று குசினிக்குள் நின்றுகொண்டேன். கடையில் ஆட்கள் நிறைய நின்றார்களாம். அவ்வளவு பேருக்கும் முன்னால் சத்தம் போட்டிருக்கிறார், தமிழ் ஆட்கள்தானே என்று கழிவுச் சாமானைத் தள்ளிவிட்டாய் என்றும் ஒரு சொல்லை விட்டுவிட்டார். இதெல்லாம் வேலன் மாமா வந்து சொன்னதுதான். ரிஸ்கான் மறுத்து ஒன்றும் கதைக்கவில்லையாம். அண்ணன், கையை ஆட்டாதீர்கள், தையல் விடும் என்று மட்டும் சொன்னானாம்.

அந்தக் கதை துறையில் பரவிற்று. அவன் வாய் திறக்காததே குற்றத்துக்குச் சாட்சி என்றார்கள், இனி வலைச் சாமானை வாழைச்சேனையில் எடுப்போம் என்றார்கள். தண்ணீர்க் குழாயடியில் ஆச்சிப்பிள்ளை அக்கா என் தோளைத் தடவி, பாவம் உன்னை ஏமாற்றிப்போட்டானே என்று சொன்னார். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நம்முடைய தமிழ் ஊருக்கும் அந்த முஸ்லிம் ஊருக்கும் இடையில் எத்தனை பேர் எவ்வளவு பாடுபட்டு ஒரு நல்ல கதை பேச்சு உண்டாக்கி வைத்திருக்கிறார்கள், அதில் நான் ஒரு பொய்யைப் போட்டுவிட்டேன். கடைசியில், தக்சிகாவுக்குத் துணி வாங்கப் போகிறேன் என்று அதற்கும் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு ஏறாவூருக்குப் போனேன்.

கடையில் ஆள் குறைவு. நான் சொல்லத் தொடங்க முதலே ரிஸ்கான் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அண்ணனுடைய கை எப்படி என்று கேட்டான். அப்பாவிடம் நான் சொன்ன பொய்யை அவனிடம் ஒளிக்காமல் சொன்னேன். நீ அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றும் கேட்டேன். அவன் வலைக் கட்டை அடுக்கிக்கொண்டே சொன்னான்: “சொல்லியிருந்தா அண்ணன் அந்தக் கையோட ஊட்ட வந்து ஒங்களத்தான் ஏசியிருப்பாரு. அண்ணன்ட கை ஒங்களுக்கும் வலிதான் அக்கா, எனக்குத் தெரியாதா. கடைக்கு வந்த பேச்சு கடையோட போகட்டும் எண்டு இருந்தன்.” பேச்சு கடையோடு போகவில்லை என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அதை அவன் சொல்லவில்லை.

அன்று பின்னேரமே அப்பாவிடம் சொன்னேன். அவர் கரையில் கவிழ்த்து வைத்த தோணியடியில் சும்மா இருந்தார். திரைச்சீலையையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். “அந்த மனிசன் ஒண்டுமே சொல்லல்லையே தெய்வம்” என்று என் பேரைக் கூப்பிட்டுச் சொன்னார், அவ்வளவுதான். அடுத்த நாள் காலையில் வெள்ளைச் சேர்ட்டை எடுத்துப் போட்டு, நீயும் வா என்றார்.

கடைக்குள் ஆட்கள் வரும்வரைக்கும் வெளியிலேயே நின்றார். பிறகு உள்ளே போய், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, தம்பி, அன்றைக்கு நான் கத்தியது முழுக்கப் பிழை, நீ நல்லதைத்தான் காட்டியிருக்கிறாய், நான் விட்ட அந்தச் சொல்லுக்கு மன்னித்துக்கொள் என்று சொன்னார். என் பேரை எடுக்கவில்லை. நான் அவருக்குப் பின்னால் நின்றேன். முன்னால் வந்து, பிழை என்னில்தான் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், நினைத்துக்கொண்டே நின்றேன். ரிஸ்கான் மேசையைச் சுற்றி வெளியே வந்து அப்பாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு இரண்டு பேரும் பிளேன்டீ குடித்தார்கள், அந்தக் கறுப்புப் பிடிக் கத்தியை இடது கையால் திறக்க ரிஸ்கான் அப்பாவைப் பழக்கினான். திரும்பி வருகிற பஸ்ஸில் அப்பா நித்திரை. அந்த இடத்தில் வாயைத் திறக்காத வெட்கம் எனக்கு விரலை அறுத்ததைவிடப் பெரிதாக இருந்தது.

ஊர்க்கதையை நான் போய்த் தீர்க்கிறேன் என்று அப்பா சொன்னார். வேண்டாம் என்றேன். நண்டைத் தரம் பிரிக்கிற நேரம் துறைக்குப் போய், வேலன் மாமா, ஆச்சிப்பிள்ளை அக்கா, நின்ற எல்லாருக்கும் முன்னால் நான்தான் சொன்னேன்: “ரிஸ்கான் வேணாமெண்டு சொன்ன கத்தியத்தான் நான் எடுத்தன். அந்த மனிசனில பிழையில்ல.” சிலர் இன்னும் என்னோடு முன்போலக் கதைக்கிறதில்லை, அது சரிதான். ஆனால் நேற்று வேலன் மாமா கயிறு எடுக்க ஏறாவூருக்குத்தான் போனார்.

உனக்கும் அங்கே பண்ணையில் கயிறு வெட்டக் கத்தி வேண்டும் என்று சொன்னாய். பளபளப்பைப் பார்க்காதே, விலையை மட்டும் பார்த்தும் எடுக்காதே, விரித்து அழுத்திப் பார்த்து லொக் நிற்கிறதா என்று பார்த்து எடு. அந்த நாட்டுச் சட்டம் எப்படியோ, வேலை முடிந்தால் பண்ணையிலேயே வைத்துவிட்டு வா.

போன கிழமை நீ போனில் அழுதாய். நான்தானே கத்தி வாங்கச் சொன்னேன், என்னால்தான் அப்பாவுக்கு இப்படி ஆயிற்று என்றாய். நான் உடனே போனைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். உன்னையும் அந்தப் பாரத்தைச் சுமக்க விட்டேனே என்பதுதான் எனக்கு நித்திரை இல்லாமல் செய்கிறது. நீ வாங்கச் சொன்னது நல்ல கத்தி. நீ அனுப்பியது நல்ல மனம். இடையில் நின்றது நான்.

விரல் முழுதாக மடங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். காலையில் சேர்ட்டுப் பொத்தானை நான்தான் பூட்டிவிடுகிறேன். பேசாமல் நின்று தருகிறார். ஒரு நாள் ஏசினார் என்றால் எனக்கு ஆறுதலாக இருக்கும், ஏசுகிறார் இல்லை.

நீ நீண்ட ஆயுளோடும் நல்ல உடம்போடும் நல்ல பேரோடும் இரு மகன், நாங்கள் கும்பிடுகிற தெய்வமெல்லாம் உன் பக்கத்தில் நிற்கட்டும். காலையில் சாப்பிடாமல் வேலைக்குப் போகாதே. இதை வாசித்துவிட்டு எனக்கு ஆறுதல் சொல்ல எடுக்காதே, அப்பாவுக்கு எடு. கை சுகம் என்றுதான் சொல்லுவார், நம்பாதே, கையைக் காட்டச் சொல்லிப் பார். நானும் பக்கத்தில்தான் நிற்பேன், எழும்பிப் போகமாட்டேன்.

உன் அம்மா,
வினாயகமூர்த்தி தெய்வமணி.