கழிவு பத்து வீதம்

1996 பிப்ரவரி 5, திங்கள்

மைனஸ் இருபத்திரண்டு. பூட்ஸில் உப்புக் கறை, துடைக்க வேண்டும். மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தது. ஃபிளாஸ்க் காபி மதியம் வரை சூடு. வீட்டில் குறை ஒன்றும் இல்லை.

குறை எல்லாம் அலுவலகத்தில். மாகாண அரசு பல்கலைக்கழகத்துக்குத் தரும் பணத்தைக் குறைத்தது, பல்கலைக்கழகம் எங்கள் விளையாட்டுத் துறைக்குத் தருவதைக் குறைத்தது. இயக்குநர் ஜீல் காலையிலேயே என் மேசைக்கு வந்து மிட்டாய் டப்பாவைத் திறந்தார். அவர் மிட்டாய் எடுத்தால் கெட்ட செய்தி. அடுத்த வருடம் இரண்டு அணிகளைக் கிளப்பாக இறக்க வேண்டுமாம். கிளப் என்றால் பெயர் மட்டும்தான் பல்கலைக்கழகத்தினுடையது. பஸ், உடுப்பு, பயிற்சியாளர் எல்லாம் பிள்ளைகளின் சொந்தச் செலவு.

யாரை இறக்குவது என்பதற்கு ஒரு பட்டியல். ஒவ்வொரு அணிக்கும் துறை கொடுக்கும் பணம், அதை ஆட்டக்காரர் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். தலைக்கு அதிகம் வரும் இரண்டு அணிகள் போச்சு. கமிட்டி 15ஆம் தேதி வியாழன். பட்டியல் போடுவது அடியேன்.

"கூட்டல், வகுத்தல். அவ்வளவுதான், மீனா," என்றார் ஜீல். இன்னொரு மிட்டாய் எடுத்துக்கொண்டு போனார்.

வாங்க: துவரம்பருப்பு, பல்ப், வித்யாவுக்குக் கையுறை (இந்தக் குளிரில் மூன்றாவது ஜோடி. பள்ளிக்கூடத்தில் எங்கேதான் விடுகிறாளோ).

பிப். 6, செவ்வாய்

பனி. மெல்லிசாக, அழகாக.

இந்தத் துறையில் எட்டு வருடம். ஒரு பந்தைத் தொட்டதில்லை. ஆனால் எந்தப் பந்து எவ்வளவு சாப்பிடும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஃபுட்பால்தான் (காலால் உதைப்பது இல்லை, பந்தைக் கையில் பிடித்து முட்டி மோதுகிற இந்த ஊர் ஆட்டம்) சாப்பாட்டுராமன். ஹெல்மெட், தோள்பட்டை, டேப், டாக்டர், இரண்டு பெரிய பஸ். ஆனால் எண்பது பேர். எண்பதால் வகுத்ததும் பூனைக்குட்டி மாதிரி சாதுவாகி அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. பழைய மாணவர்கள் நன்கொடை வேறு அவர்களுக்கே.

பெண்கள் ஹாக்கி (இனி பெ.ஹா.) நிலைமை மோசம். ஆட்கள் குறைவு, எதிரணிகள் தூரத்தில். நம் சொந்த ஐஸ் அரங்குக்கே மணிக்கு வாடகை. வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றுகிறோம், அதற்கும் ரசீது.

வாள்வீச்சுக்காரர் ரெமி சாயங்காலம் வந்தார். வெள்ளை மீசை, மெல்லிய குரல். செலவுச் சீட்டுகளை இஸ்திரி போட்ட மாதிரி அடுக்கித் தரும் ஒரே பயிற்சியாளர். இவருக்காகவே வாள்வீச்சு பிடிக்கும்.

சேகர் புவாண்ட்-கிளேர் ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வர எட்டாகிவிட்டது. நெடுஞ்சாலையில் லாரி சறுக்கல். ரசம், உருளைக்கிழங்கு.

பிப். 7, புதன்

பெ.ஹா. பயிற்சியாளர் டானியெல் வந்தாள். முப்பது வயது இருக்கும், முன்பல் ஒன்று கட்டியது. உட்காரவில்லை. "என் பிள்ளைகள் மேல இருக்காங்களா கீழ இருக்காங்களா?" என்றாள். பஸ் செலவைப் பொறுத்தது என்றேன். லாசாலில் ஒரு மினிபஸ்காரர், பெரிய கம்பெனியைவிட மலிவு, உங்க ஊர்க்காரர் மாதிரி இருக்கு, நீங்களே பேசுங்களேன் என்று நம்பர் கொடுத்தாள்.

ஊர்க்காரர் இல்லை, யாழ்ப்பாணம். பெயர் அன்டன். எனக்குச் சந்தோஷம். பத்து வருடம் இந்த ஊரில் இருந்ததில் அவர்கள் தமிழ் எனக்கு அத்துப்படி. பேந்து என்றால் பிறகு, வடிவு என்றால் அழகு, பகிடி என்றால் ஜோக், வீதம் என்றால் சதவீதம், கதைக்கிறது என்றால் பேசுவது.

"ஓம் அக்கா, அன்டன்தான் கதைக்கிறன்." போய்வர ஒரு ஓட்டத்துக்கு இவ்வளவு என்று சொன்னார். நியாயமான விலை. பிறகு, "அஞ்சு ஓட்டத்துக்கு மேல எண்டா கழிவு இருக்கு. பத்து வீதம்."

"கழிவா? எதுக்குங்க?"

"எல்லாருக்கும் போடுறதுதானே, அக்கா."

ஹாக்கிப் பெண்கள், ஈரச் சாமான், பீட்சா டப்பா, வாழைப்பழத் தோல். பஸ்ஸைக் கழுவிக் குப்பை அள்ள யாராவது வேண்டும்தான். சரி என்றேன்.

"நீங்கள் தமிழ் ஆள் எண்டபடியா இன்னும் அஞ்சு கூட்டிப் போடலாம்," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. தமிழ் ஆள் என்றால் கூடுதலாகவா? "வேண்டாங்க. பத்தே ஜாஸ்தி," என்று வெட்டினேன்.

"சரி, உங்கட விருப்பம். இப்பிடிச் சொன்ன ஆக்களை நான் இன்னும் காணேல்லை. பேந்து ஃபாக்ஸ் போடுறன்."

ஃபாக்ஸ் வரவில்லை. எங்கள் மெஷினில் பேப்பர் தீர்ந்து இரண்டு நாள்.

பிப். 9, வெள்ளி

வெயில், ஆனால் ஏமாற்று வெயில். மூக்கு விறைத்தது.

பட்டியல் முடிந்தது. அன்டன் சொன்ன விலை, அதோடு பத்து வீதம் கூட்டி, வகுத்து. முதலிடம் ஆண்கள் நீச்சல். இரண்டாமிடம் பெ.ஹா. மூன்றாவது வாள்வீச்சு, மயிரிழையில் பிழைத்தது. இரண்டு தரம் சரிபார்த்தேன். கமிட்டிக்குப் பிரதிகள் போய்விட்டன.

டானியெல் கேட்டாள், சொன்னேன். "சரி," என்றாள். பிறகு, போகாமல், "அவங்க ஸ்டிக்கைக்கூட அவங்களேதான் வாங்கறாங்க," என்றாள். மிட்டாய் டப்பாவை நீட்டினேன், எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. ஆனாலும் கணக்கு கணக்குதான்.

பிப். 11, ஞாயிறு

காலை வெகு நேரம் தூக்கம். சேகர் உப்புமா. வித்யா ஃபிரெஞ்சில் யாருடனோ ஒரு மணி நேரம் போன். நல்ல ஞாயிறு.

மத்தியானம் லாசாலில் யாழ்ப்பாணத்தார் கடை. கருவேப்பிலை வந்திருக்கிறது என்று கேள்வி. வாசல் கண்ணாடியில் கையால் எழுதின அட்டை: சேலைகளுக்கு இருபது வீதம் கழிவு. சேகருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சேலையில இருபது சதவீதம் குப்பையாம். பாக்கி எண்பதை நீ கட்டிக்கோ."

நானும் சிரித்துக்கொண்டே கல்லாவில் இருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"கழிவு எண்டா விலையில குறைச்சுத் தாறது, பிள்ளை. நீங்கள் என்னெண்டு சொல்லுவியள்?"

"தள்ளுபடி."

"தள்ளுபடி எண்டா கோட்டில வழக்கைத் தள்ளுறதெல்லோ?" அவருக்கும் ஒரே சிரிப்பு.

என் சிரிப்பு பாதியில் நின்றது. கையில் கருவேப்பிலையோடு அப்படியே நின்றேன். கழிக்க வேண்டியதைக் கூட்டியிருக்கிறேன். அந்த மனுஷன் இன்னும் ஐந்து குறைக்கிறேன் என்றதற்கு வேண்டாம் என்று சண்டை வேறு.

காரில் சேகரிடம் சொன்னேன். சிரிக்கக் கூடாது என்று பார்த்தார், முடியவில்லை. "ஃபிரெஞ்சுல பேசியிருந்தா ஒழுங்கா முடிஞ்சிருக்கும்," என்றார். கோபம் வந்தது, உண்மை என்பதால் கொஞ்சம்தான். வியாழனுக்குள் சரியாகிவிடுமா என்பதே இரவெல்லாம்.

கருவேப்பிலை மட்டும் அருமை. கமகமவென்று.

பிப். 12, திங்கள்

கோட்டைக் கழற்றாமலே போன்.

"அன்டன், நான் யூனிவர்சிட்டியிலிருந்து மீனா. அந்தக் கழிவு..."

"ஓம், பத்துப் போதுமெண்டு சொன்னியள்."

விஷயத்தைச் சொன்னேன். குப்பைக் காசு என்று நினைத்ததையும். அவர் சிரித்த சிரிப்பில் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று. பின்னால் யாருக்கோ கூப்பிட்டுச் சொல்கிறார்: "இஞ்சை கேளுங்கோ, இந்தியா அக்கா கழிவைக் குப்பை எண்டு விளங்கிப்போட்டா."

"அந்த இன்னொரு அஞ்சு..." என்று இழுத்தேன்.

"அண்டைக்கு வேண்டாமெண்டியள்."

"இன்னைக்கு வேணுங்க."

"சரி அக்கா, பதினஞ்சு. பகிடிக்கே தரலாம்." பத்து நிமிடத்தில் ஃபாக்ஸ். இந்த முறை பேப்பர் இருந்தது.

ஜீலிடம் போனேன். ஒரு தமிழ்ச் சொல் இரண்டு தமிழருக்கு இரண்டு அர்த்தம் என்று விளக்கினேன். அவர் ஒரு தடவை பாரிசுக்குப் போய், இங்கே பேசுகிற மாதிரி ஃபிரெஞ்சு பேசி, பட்ட பாட்டைச் சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, "திருத்தினால் வரிசை மாறுமா?" என்றார்.

போட்டுப் பார்த்தேன். பெ.ஹா. மூன்றாவதாக இறங்கியது. இரண்டாமிடம் வாள்வீச்சு.

இதை நான் ஏன் முன்பே யோசிக்கவில்லை? இரண்டு இடம் என்றால் இரண்டு இடம். ஒருவர் எழுந்தால் அடுத்தவர் அதில் உட்கார வேண்டும். ஜீலும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "சரியான பட்டியலைத்தான் அனுப்ப முடியும்," என்றார். அனுப்பினேன்.

பிப். 13, செவ்வாய்

மைனஸ் எட்டு. தெருவில் எல்லார் கோட்டும் திறந்து கிடக்கிறது, வசந்தம் வந்துவிட்ட மாதிரி.

டானியெலுக்குத் தெரிந்துவிட்டது. வந்து கட்டிப்பிடித்தாள், நான் நாற்காலியோடு. "நீங்கதான் காப்பாத்தினீங்க." காப்பாற்றவில்லையம்மா, தள்ளிவிட்டதும் நான்தான் என்றேன். அவளுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. சனிக்கிழமை ஆட்டத்துக்கு வரச் சொல்லி உத்தரவு. போகலாம். வித்யாவும் வருகிறாளாம், அதுவே அதிசயம்.

ரெமியைத் தாழ்வாரத்தில் பார்த்தேன். பொன்ஷூர் என்று வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன்.

பிப். 15, வியாழன்

கமிட்டி இருபது நிமிடத்தில் முடிந்தது. நீச்சல், வாள்வீச்சு. ஃபுட்பாலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. தலைக்கு என்று வகுக்காமல் மொத்தத்தைப் பார்த்தால் என்ன என்று கேட்டேன். கூட்டக் குறிப்பு எழுதப் போன நான், கேள்வி கேட்டேன். தலைவர் மரியாதையாக "நல்ல கேள்வி" என்று சொல்லி அடுத்ததற்குப் போய்விட்டார். ஜீல் மேசைக்கு அடியில் என் பக்கம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கேட்டதில் எனக்குத் திருப்திதான்.

பல்ப் இன்னும் வாங்கவில்லை.

பிப். 16, வெள்ளி

பனி மறுபடியும், பெரிய பெரிய செதில்களாக.

மதியம் ரெமி. கையில் இந்த மாதச் செலவுச் சீட்டுகள், வழக்கம்போல மடிப்புக் கலையாமல். நான் மன்னிப்பு மாதிரி ஏதோ ஆரம்பித்தேன். கையை அசைத்து நிறுத்திவிட்டார். சரியான கணக்குக்கு யாரும் மன்னிப்புக் கேட்கக் கூடாது என்றார். கோபத்தின் சுவடுகூட இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

அடுத்த வருடத்திலிருந்து பிள்ளைகளின் காசு, அதனால் அந்த மலிவான பஸ்காரரின் நம்பர் வேண்டும் என்றார். எழுதிக் கொடுத்தேன். விலை நானே பேசித் தருகிறேன், இருபது வீதம் வரை குறைக்க வைக்கிறேன் என்றேன். மினிபஸ் எத்தனை ஓட்டத்துக்கு வேண்டும் என்று கேட்டேன்.

மினிபஸ் வேண்டாம் என்றார். சொந்தக் காசு என்றதும் பாதிப் பேர் விலகிவிட்டார்களாம். பஸ்காரரிடம் சாதாரணக் கார் ஒன்று இருந்தால் போதும், மீதிப் பேர் அதிலேயே அடங்கிவிடுவோம் என்றார்.